நிலவுக் கல்லின் காந்தம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நிலவு முழுவதையும் தழுவும் காந்தப்புலம் இன்று இல்லாதபோது, அங்கிருந்து கொண்டுவந்த கற்களில் மட்டும் காந்தம் எப்படி வந்தது என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். கல் குளிர்ந்த நாளில் அங்கே ஏதோ ஒரு புலம் இருந்திருக்க வேண்டும் என்பதே சுருக்கமான பதில்.

தூய இரும்பு 770 டிகிரி செல்சியசுக்கு மேல் தன் நிலைத்த காந்தத்தை இழந்துவிடும். குழம்பாக இருந்த பாறை இறுகி, அந்த வெப்பநிலையைக் கடந்து குளிரும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்களின் காந்தத் திசை சுற்றியிருக்கும் புலத்தின் பக்கம் சற்றே சாய்ந்து, அந்தச் சாய்வோடு உறைந்துவிடுகிறது. பூமியின் பாறைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு செய்கிறது. நிலவிலோ நீரும் ஆக்சிஜனும் அரிதான சூழலில் பாறைகள் உருவானதால், சிறிது நிக்கல் கலந்த உலோக இரும்பே அங்கே காந்தத்தைச் சுமக்கிறது.

எல்லாத் துகள்களும் நல்ல காவலர்கள் அல்ல. பெரிய துகளுக்குள் வெவ்வேறு திசை நோக்கிய பல காந்தப் பகுதிகள் இருப்பதால், அவற்றின் எல்லைகள் சிறு தூண்டுதலுக்கே நகர்ந்துவிடும். மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கே அளவுள்ள நுண்துகள் முழுவதும் ஒரே திசையில் காந்தமேறியிருப்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் அதைக் காத்துவைக்கும். நிலவின் கற்களில் பெரிய துகள்கள் ஏராளம். ஆய்வாளர்களின் தலைவலியும் அதுதான்.

கல் கொண்டுவந்த விண்கலத்திலேயே காந்தம் ஏறியிருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்பல்லோ 12 கொண்டுவந்த கல்லின் ஒரு துண்டிலிருந்து காந்தத்தை நீக்கி, 1972இல் அப்பல்லோ 16இல் ஏற்றி மறுபடியும் நிலவுவரை அனுப்பினார்கள். திரும்பி வந்த துண்டில் புதிதாகக் காந்தம் ஏறித்தான் இருந்தது. ஆனால் திசை மாறி மாறிப் புரளும் மிதமான காந்தப்புலத்தில் வைத்ததுமே அது கலைந்துவிட்டது. அதற்கும் அசையாமல் நிற்கும் பகுதியையே பழையது என நம்பலாம்.

விண்கல் மோதலின் அதிர்ச்சியும் காந்தத்தை ஏற்றவோ அழிக்கவோ வல்லது. அதனால்தான் அப்பல்லோ 17 கொண்டுவந்த 76535 என்ற கல்லுக்கு அத்தனை மதிப்பு. 420 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான அக்கல் மிக மெதுவாகக் குளிர்ந்தது. கடும் அதிர்ச்சிக்கு ஆளான தடயமும் அதில் இல்லை. மோதலால் நொடிப்பொழுது எழுந்து மறையும் புலம் அத்தகைய கல்லில் பதிந்திருக்க முடியாது; நிலவின் உருகிய உள்ளகம் நீண்டகாலம் உண்டாக்கிய புலமே வேண்டும் என்று 2009இல் வாதிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 356 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை குளிர்ந்த கற்கள் பல, இன்றைய பூமியின் புலத்துக்கு நிகராகப் பல பத்து மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வலிமையைக் காட்டுகின்றன. நிலவின் உள்ளகமோ அதன் ஆரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய உள்ளகம் அத்தனை வலுவான புலத்தை நீண்டகாலம் எப்படி உண்டாக்கியிருக்கும்? அப்படியொரு நீடித்த புலமே இருந்ததில்லை, மோதல்களே காரணம் என்று 2021இல் ஒரு குழு மறுத்தது. மெதுவாகக் குளிர்ந்த அந்தக் கல்லை நினைத்தால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆயினும் வலுவான புலம் இடைவிடாமல் நின்றது என்பதையும் நான் நம்பவில்லை, அவ்வப்போது எழுந்து தணிந்திருக்கலாம். உனக்கு எது சரியென்று படுகிறது என எழுது.

அன்புடன்,
அப்பா