ஜார்டெல் பேரையே காணோமே!

ஆசிரியருக்கு வணக்கம்,

வெளிநாட்டு கிளப்புகள்ல கலக்கின பிரேசில் ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர்ஸ் பத்தி போன இதழ்ல ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, ரொமாரியோ, ரொனால்டோ, கரேக்கா, எல்பர், அட்ரியானோன்னு எல்லாரும் இருந்தாங்க, ஆனா மரியோ ஜார்டெல் பேரை மட்டும் தேடித்தேடி பாத்தேன், போட்டோவுக்கு அடியில பொடி எழுத்துல கூட காணோம்.

போர்ச்சுகல் லீக்ல அடிச்சதெல்லாம் ஒரு கோலான்னு எழுதினவர் விட்டுட்டாரோ என்னவோ. அங்க போர்ட்டோ கிளப்புக்கு லீக்ல 125 மேட்ச், 130 கோல் சார்! சின்ன லீக்னு கோல்டன் ஷூ (ஐரோப்பிய லீக்குகள்ல கோல் கணக்குல முதல்ல வர்றவருக்கு கொடுக்கற விருது) கணக்குலயே அவருக்கு வெட்டு விழுந்துச்சு, பெரிய லீக்ல ஒரு கோலுக்கு 2 பாயின்ட்னா 1999-2000ல போர்ச்சுகல்ல 1.5 தான், அதனாலதான் அந்த சீசன்ல 38 கோல் அடிச்சும் இங்கிலாந்துல 30 அடிச்ச கெவின் பிலிப்ஸ்கிட்ட 57க்கு 60னு தோத்தாரு. ஆனாலும் 1999லயும் 2002லயும் ஷூ அவருக்குத்தான்.

பெரிய டீம்னா பயப்படுற ஆளும் இல்ல. 1996ல இத்தாலியோட மிலன் டீமை அவங்க சொந்த கிரவுண்டு சான் சிரோவுல சந்திச்சப்ப, மிலன் 2-1னு முன்னாடி இருக்கும்போது சப்ஸ்டிட்யூட்டா இறங்கி ரெண்டு கோல் போட்டு போர்ட்டோவை ஜெயிக்க வச்சாரு. 2000ல துருக்கி கிளப் கலட்டாசராய்க்கு போனதும் ஐரோப்பிய சூப்பர் கப்ல ரியல் மாட்ரிட்டுக்கு எதிரா ரெண்டு கோலும் இவரோடதுதான், ரெண்டாவது எக்ஸ்ட்ரா டைம்ல கோல்டன் கோல், அதோட மேட்ச் முடிஞ்சுது.

பந்தை கால்ல வச்சு ஆளை ஏமாத்தி ஓடற டிரிப்ளிங்லாம் பெருசா கிடையாது, ஒத்துக்கறேன். பாதி நேரம் கிரவுண்ட்ல இருக்காரான்னே தெரியாது, ஆனா சைடுலேர்ந்து ஒரு கிராஸ் மட்டும் வரட்டும், டிஃபெண்டர் திரும்பிப் பாக்கறதுக்குள்ள தலையால முட்டி உள்ள தள்ளியிருப்பாரு.

என் வயித்தெரிச்சல் 2002 தான். ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 30 லீக் மேட்ச்ல 42 கோல் அடிச்சு லீக், கப் ரெண்டும் வாங்கிக் கொடுத்த அதே வருஷம் வேர்ல்ட் கப் டீம்ல இடம் இல்ல, கோச் யாருன்னு பாத்தா ஸ்கோலாரி, 1995ல பிரேசில் கிளப் கிரேமியோவுல இதே ஜார்டெலை வச்சு தென் அமெரிக்க கிளப்புகளுக்கான லிபர்டடோரஸ் கப் ஜெயிச்ச மனுஷன்! ரொமாரியோவை எடுக்கலன்னு ஊரே சண்டை போட்டுச்சு, இவருக்காக அந்த அளவுக்கு யாரும் பேசல. கஃபுவும் ராபர்ட்டோ கார்லோஸும் ரெண்டு பக்கமும் கிராஸ் போட நிக்கிறப்ப இப்படி ஒரு ஆளை பெஞ்ச்லயாவது வச்சிருக்கலாம். ஆனா கப்பை தூக்கிட்டு வந்துட்டாரே, அப்புறம் ஸ்கோலாரிகிட்ட யார் போய் கேக்கறது.

அதுக்கப்புறம் ஒரே சறுக்கல். குடும்பம் பிரிஞ்சுது, உடம்பு போட்டுருச்சு, இங்கிலாந்து கிளப் போல்டன்ல பிரீமியர் லீக்ல ஒரு கோல் கூட இல்ல, பிறகு சைப்ரஸ், ஆஸ்திரேலியா, பல்கேரியான்னு சுத்தினாரு. கோகெய்ன் பழக்கம் இருந்துச்சுன்னு 2008ல அவரே டிவியில சொன்னாரு. பிரேசில்ல எம்எல்ஏ கூட ஆனாரு, 2014ல ஜெயிச்சு 2016ல பதவி போச்சு. அட்ரியானோ விழுந்த கதையை அரை பக்கம் உருக்கமா எழுதினவங்களுக்கு இந்தக் கதை கண்ணுல படலையா?

அடுத்த இதழ்ல ஒரு கால் பக்கமாவது கொடுங்க சார். போட்டோ போட்டா தலையில பந்து இருக்கற மாதிரி போடுங்க.

இப்படிக்கு,
ஸ்போர்ட்ஸ் பக்கத்தை முதல்ல புரட்டுற வாசகன்