வட்டாரச் சொல் எல்லாம் பிழையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளில் பிழை மலிந்துவிட்டது என்ற குறை பரவலாகப் பேசப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பது மாணவருக்கு இழைக்கும் அநீதி என்பதைத் தமிழாசிரியை என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

'பழம்' என்பதை ஒரு பிள்ளை 'பளம்' என்றும், வேறு வட்டாரத்துப் பிள்ளை 'பயம்' என்றும் எழுதுவது கவனக்குறைவால் அன்று; வீட்டில் காதில் விழுந்த ஒலியைத்தான் இருவரும் எழுதுகிறார்கள். பொருளே மாறிவிடும் என்பதால் இவற்றைத் திருத்தத்தான் வேண்டும். 'மரங்கள் விழுந்தன' என்பதற்குப் பதிலாக 'மரங்கள் விழுந்தது' என்று எழுதுவதையும் திருத்தத்தான் வேண்டும். ஆனால் காரணத்தை விளக்காமல் வெறுமனே அடித்துத் திருத்தினால், பிள்ளைகள் ளகரத்தையே நம்ப அஞ்சுகிறார்கள். 'குளிர்' என்பதைக் 'குழிர்' என்று எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

சொற்களின் நிலை வேறு. நெல்லைப் பக்கத்து மாணவி 'பாட்டி பைய நடந்தார்' என்று எழுதினால், 'பைய' அடிக்கப்பட்டு மேலே 'மெதுவாக' என்று எழுதப்படுகிறது. 'பசையினள் பைய நகும்' என்பது வள்ளுவர் வாக்கு (குறள் 1098). குமரி மாவட்டத்து மாணவர் 'அழைத்தார்' என்ற பொருளில் 'அம்மா என்னை விளித்தார்' என்று எழுதினால் மதிப்பெண் போகிறது. எட்டாம் வேற்றுமைக்கு விளி வேற்றுமை என்று பெயர் சொல்லிக் கொடுப்பதும் அதே வகுப்பறையில்தான். செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள், பல வட்டாரங்களில் வழங்கும் சொல்லாகிய திசைச்சொல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியம் ஏற்றிருக்க, அதைக் கொச்சை என்று பிள்ளைகள் முன் சொல்வது எனக்குப் பெரிதும் வருத்தமளிக்கிறது. தன் வீட்டுச் சொல் தவறு என்று கேட்டே பழகிய பிள்ளை, அடுத்த கட்டுரையில் சொந்தமாக ஒரு வரிகூட எழுதத் துணியாமல், வழிகாட்டி நூலின் வாக்கியங்களை மனப்பாடமாக எழுதிவைக்கிறது.

எனவே, விடைத்தாள் மதிப்பீட்டுக் குறிப்புகளில் எழுத்துப்பிழை, தொடர்ப்பிழை, வட்டாரச் சொல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும். விண்ணப்பம் போன்றவற்றில் பொதுவழக்கை வற்புறுத்தலாம். கதையிலும் உரையாடலிலும் வட்டாரச் சொல்லுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. தொடக்க வகுப்புகளிலேயே, பிள்ளைகள் பேசும் தொடரையும் அதன் எழுத்து வடிவத்தையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால், எங்கே எது மாறுகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வரும் ஆசிரியர்களுக்கு அந்த வட்டாரத்தின் சொற்பட்டியல் ஒன்றைப் பணியேற்கும் நாளிலேயே கொடுக்கவும் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்