குளத்தையும் கால்வாயையும் சேர்த்தே வெட்டுங்கள்: நெல்லையில் இணைய இணைப்பு தருவோருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தாருக்கும் கேபிள் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். இரவு ஏழு மணிக்கு என் மாணவர்கள் முப்பது பேர் அவரவர் வீட்டில் ஒரே இயற்பியல் காணொளியைத் திறக்கிறார்கள். ஏழரைக்குள் பாதிப் பேரிடமிருந்து "சார், சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று செய்தி வந்துவிடுகிறது. போன மாதம் நானே தடம் பார்த்தேன். என் வீட்டுக்கு அந்தக் காணொளி மும்பையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி, வேறொரு இணைப்பு வைத்திருக்கும் மாணவனுக்கோ அதே காணொளி சென்னையிலிருந்து வந்தது.

தூரம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. மும்பை போய்வரப் பத்திருபது மில்லிவிநாடிகள்தான் கூடும். வலியெல்லாம் மாலை நெரிசலில். ஒரே பாடம் ஒரே நெடுவழியில் முப்பது முறை வருகிறது.

உங்கள் ரௌட்டரில் வழியைத் தீர்மானிப்பது பிஜிபி, அதாவது வலையமைப்புகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை. ஒப்பந்த முன்னுரிமையையும் இடையில் எத்தனை வலையமைப்புகள் என்பதையும் அது பார்க்கும், நெரிசலைப் பார்க்காது. காணொளியின் நகல்கள் பல ஊர் சர்வர்களில் இருக்கின்றன. எந்த ஊர் நகலைக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் காணொளி நிறுவனத்தார். பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது, தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சர்வர்களில் எதிலிருந்து கேள்வி வந்தது என்பதை. உங்கள் டிஎன்எஸ் மும்பையில் இருந்தால் பாளையங்கோட்டைப் பிள்ளையும் அவர்கள் கணக்கில் மும்பைக்காரன்தான். வழி போடுகிறவருக்குச் சரக்கு இருக்கும் இடம் தெரியவில்லை. சரக்கு வைத்திருப்பவருக்கு வழி தெரியவில்லை.

தாமிரபரணியின் சுத்தமல்லி அணையில் பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகிறது. குளத்தை ஒருவர் மனம்போல வெட்டி, கால்வாயை இன்னொருவர் வேறு திசையில் இழுத்திருந்தால் அந்தக் குளத்தில் ஒரு சொட்டு நின்றிருக்குமா?

நகல் சர்வர்தான் குளம், இணைய வழிதான் கால்வாய். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2012இல் அறிவித்த ஓப்பன் கனெக்ட் திட்டத்தில், போதிய போக்குவரத்து உள்ள இணைப்பு நிறுவனங்களுக்கு நகல் சர்வரை இலவசமாகவே தருகிறார்கள். அது உங்கள் ரௌட்டருடன் பிஜிபியிலேயே பேசும். நெல்லை வீடுகளின் இணைய முகவரித் தொகுதிகளை நீங்கள் அறிவித்தால்தான் அந்த வீடுகளுக்குப் பரிமாறும். அறிவிக்காவிட்டால் சர்வர் இங்கே மின்சாரம் மட்டும் தின்றுகொண்டிருக்கும். கேட்பவரின் இணைய முகவரியில் ஒரு பகுதியை டிஎன்எஸ் கேள்வியோடு அனுப்பும் முறை 2016இலேயே ஆவணமாகிவிட்டது. எந்த வழி மலிவு, எந்த வழி தனக்கு விருப்பம் என்பதை இணைப்பு நிறுவனமே நகல் வைத்திருப்பவருக்குச் சொல்ல, ஆல்டோ என்ற நெறிமுறை 2014இல் வந்தது.

எனவே கேட்கிறேன். உங்கள் டிஎன்எஸ் சர்வரை நெல்லைக்கோ மதுரைக்கோ கொண்டுவாருங்கள். தனித்தனியாகப் போதிய போக்குவரத்து இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு பொது இணைப்பு மையம் வைத்து, அங்கே நகல் சர்வர் கேளுங்கள். ஒரு மாதத் தடப் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பொறியாளர் எந்த மாலையில் அழைத்தாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை ஆசிரியர் ஒருவர்