மாவு மூட்டைகளின் கதையைத் தமிழில் கொண்டுவர உங்கள் பங்கு வேண்டும்

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம், பணம் வேண்டும்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் கிடந்த பெல்ஜியத்துக்கு 1914 முதல் 1919 வரை உணவு போய்ச் சேர்ந்த கதையை ஒரு சிறுநூலாகவும், பள்ளிகளுக்கு எடுத்துப்போகக்கூடிய 12 தட்டிகளாகவும் தயாரிக்கிறோம். எழுத்து வேலை முடிந்துவிட்டது, அச்சுக்கும் படங்களுக்கும்தான் கை நீட்டுகிறோம்.

70 லட்சத்துக்கு மேல் மக்கள், தானியத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வரவேண்டும், ஆனால் கடலைப் பிரிட்டன் அடைத்துவிட்டது. நாட்டைப் பிடித்தவன் சோறு போடட்டும் என்றது பிரிட்டன், கடலை அடைத்தவன்தான் பொறுப்பு என்றது ஜெர்மனி. இந்த இழுபறிக்கு நடுவில்தான் லண்டனில் இருந்த சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர் (பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்) 1914 அக்டோபரில் ஒரு நிவாரண ஆணையத்தைத் தொடங்கினார். கப்பல்கள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வரும், அங்கிருந்து கால்வாய்ப் படகுகளில் சரக்கு உள்ளே போகும், அப்புறம் ஊர் ஊராகப் பங்கிட்டது பெல்ஜியர்களே நடத்திய குழுக்கள். அந்தக் குழுக்களைப் பற்றித்தான் எங்கள் நூலில் அதிகம் எழுதியிருக்கிறோம், ஏனென்றால் ஹூவர் பெயர் தெரிந்த பலருக்கும் சூப் வரிசையில் கரண்டி பிடித்து நின்றவர்களைத் தெரியாது.

ஒரு படத்தை மட்டும் சொல்கிறோம். காலியான மாவு மூட்டை ஒன்று. பருத்தித் துணி வெடிமருந்து செய்ய ஜெர்மானியர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் காலி மூட்டையைக்கூட எண்ணிக் கணக்கு வைத்தார்கள், பிறகு தையல் கூடங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே பெண்கள் அமெரிக்க மாவு ஆலையின் பெயர் அச்சிட்ட எழுத்துகள் மேலேயே வண்ண நூலால் பூவேலை செய்து, ஓரத்தில் லேஸ் வைத்து, நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதை மங்கலான கறுப்பு வெள்ளையில் அச்சடிக்க மனம் வரவில்லை. செலவு கூடியதற்கு அதுதான் காரணம்.

மொத்தத் தேவை 85,000 ரூபாய், கையில் இருப்பது 31,000. நூறு ரூபாயும் பெரிதுதான். ரசீது உண்டு, ஒவ்வொரு மாதமும் வரவு செலவுக் கணக்கை நம் குழுவில் போடுவோம், பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். பிரெஞ்சு நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் பணமே தர வேண்டாம், பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இருந்த நிவாரணக் குழுவின் சில அறிக்கைகளை எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் போதும்.