பதினோராம் வகுப்பு அமெரிக்க இலக்கியம்: நியூ ஜெர்சி தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். செப்டம்பரில் பதினோராம் வகுப்புக்கு வரும் உங்கள் பிள்ளைகளுக்கு அமெரிக்க இலக்கியம் நடத்தப்போகும் ஆசிரியை எழுதுகிறேன். வகுப்பு விதிமுறைகள் அச்சிட்ட தாள் முதல் வாரமே வீட்டுக்கு வந்துவிடும். பல வீடுகளில் அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து விழும், அதோடு சரி. அந்த விதிகள் எதற்கு என்று ஒருமுறை தமிழிலேயே உட்கார்ந்து சொல்லிவிட நினைத்தேன். பெற்றோர் சந்திப்பில் நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஏ கிரேடு வாங்க என்ன செய்யணும் மேடம்?" என்பதுதான். அந்தக் கவலை நியாயமானது. கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னால் முழுதாகக் கையில் இருக்கும் கடைசி ஆண்டு மதிப்பெண் இதுதான். ஆனால் என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: புத்தகத்தை உங்கள் பிள்ளையே படிக்க வேண்டும். எங்கள் விதிகள் எல்லாம் அதற்காகப் போட்டவை.

ஆண்டின் முதல் புத்தகம் ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது எஜமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார். கணவர் ஹ்யூ ஆல்ட் அதைக் கண்டு தடுத்துவிடுகிறார். அப்புறம் அந்தப் பையன் வெளி வேலைக்குப் போகும்போது ரொட்டி எடுத்துப் போவான். தெருவில் இருக்கும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு அதைக் கொடுத்துப் பாடம் கேட்டுக்கொள்வான். எழுதக் கற்றது கப்பல் கட்டும் இடத்தில். தச்சர்கள் மரத்துண்டுகளில், கப்பலின் இடப்பக்கத்துக்குப் போவதற்கு எல் என்றும் வலப்பக்கத்துக்கு எஸ் என்றும், முன்புறத்துக்கு எஃப், பின்புறத்துக்கு ஏ என்றும் குறிப்பார்கள். அந்த நான்கு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் அவர் கை பழகியது.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுத வேண்டும் என்பது என் முதல் விதி. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "அடிமைக்கு ரொட்டி எப்படி மிஞ்சியது?" நல்ல கேள்வி. விடையும் அங்கேயே இருக்கிறது. அந்த வீட்டில் தனக்கு ரொட்டிக்குக் குறைவே இல்லை, அந்த விஷயத்தில் அக்கம்பக்கத்து ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பலரைவிடத் தன் நிலை மேல் என்று டக்ளஸே சொல்கிறார். வயிறு நிறைந்தவன் எழுத்துக்கு ஏங்க, எழுத்துத் தெரிந்தவன் பசியில் நிற்கிறான். அந்த மாணவியின் முழுக் கட்டுரையும் இதிலிருந்து பிறந்தது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைப் படித்திருந்தால் 'கல்வியே விடுதலை' என்று ஒரு வரி கிடைத்திருக்கும், ரொட்டி பற்றிய கேள்வி வந்தே இருக்காது.

சாட்ஜிபிடி விதி கடுமையாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கட்டுரையின் முதல் வரைவு வகுப்பிலேயே, நோட்டில், கையால். அதன்பின் கணினியில் தட்டச்சு செய்யலாம். ஆனால் எப்போது எந்த வரி மாறியது என்று காட்டும் கோப்பில் மட்டும். சந்தேகம் வந்தால் எந்த மென்பொருளின் தீர்ப்பையும் வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்க மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்பேன். சொந்தமாக எழுதிய பிள்ளை தடுமாறியாவது சொல்லிவிடும். சொல்ல முடியாவிட்டால் என் முன்னால் உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும், பள்ளியின் நேர்மை விதிப்படி உங்களுக்கும் தகவல் வரும். டியூஷனுக்கும் இதே அளவுகோல்தான். டியூஷன் ஆசிரியர் உட்கார்ந்து பேசலாம், கேள்வி கேட்கலாம், குழம்பிய இடத்தைச் சுட்டிக்காட்டலாம். விசைப்பலகையில் அவர் கை படக் கூடாது. உங்கள் கையும்தான்.

முதல் கட்டுரைக்கு 78 வந்தால் தயவுசெய்து பதற வேண்டாம். இரவு பதினொரு மணிக்குப் பேரன்ட் போர்ட்டலில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை எழுப்பிக் கேட்ட வீடுகள் உண்டு. மறுநாள் அந்த முகம் என் வகுப்பில்தான் வந்து உட்காரும். ஒவ்வொரு கட்டுரையையும் ஒருமுறை திருத்தி எழுதலாம், புதிய மதிப்பெண்ணே நிற்கும். ஒரே நிபந்தனை, ஒரு வாரத்துக்குள் என்னை வந்து பார்த்துப் பேச வேண்டும். தாமதமாகத் தருவதற்கு இரண்டு நாள் வரை காரணம் கேட்க மாட்டேன். அதற்கு மேல் ஒரு படி குறையும். அந்தப் பாடப்பகுதி முடிந்த பிறகு வாங்க மாட்டேன்.

டிசம்பர் விடுமுறையோடு ஒட்டி ஊருக்குப் போய், பொங்கல் முடித்துத் திரும்பும் குடும்பங்கள் பல. போய் வாருங்கள், தாத்தா பாட்டியைப் பார்ப்பது முக்கியம். இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும், படிக்க வேண்டிய பக்கங்களைக் குறித்துக் கொடுத்துவிடுவேன். புத்தகம் கைப்பையில் போகட்டும், பெட்டியில் வேண்டாம்.

அடுத்தது சில பெற்றோருக்குச் சங்கடமான விஷயம். மார்க் ட்வைன் எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 1885இலேயே மாசசூசெட்ஸின் கான்கார்ட் நூலகம் இந்த நாவலை விலக்கியது. அவர்களுக்கு உறுத்தியது அதன் முரட்டுத்தனம். இன்று அந்தச் சொல் உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். வகுப்பில் அதை நானும் வாய்விட்டுப் படிக்க மாட்டேன், மாணவர்களும் படிக்கக் கூடாது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு முழு வகுப்பு அதன் வரலாறு பேசுவோம். தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை, 'சரி, நரகத்துக்கே போகிறேன்' என்று கதையின் நாயகன் ஹக் கிழித்துப்போடும் இடம் வரை உங்கள் பிள்ளை படித்துவிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தப்பு என்று ஊர் சொல்லிக்கொடுத்ததைத் தன் மனசு சரி என்று சொல்லும்போது ஒரு சிறுவன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. அப்படியும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மாற்றுப் புத்தகம் தருவேன். கல்வி வாரியத்துக்குப் புகார் எழுதும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், அது போதும்.

உங்களால் ஆகாத பாடம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். வசந்த காலத்தில் தோரோவையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் சேர்த்துப் படிக்கிறோம். 1846இல் வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ. அவர் எழுதியதைத் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்தார். காந்தியின் வழியை ஏற்ற கிங், 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து தன் போராட்டத்தைக் குறைகூறிய எட்டு மதகுருமார்களுக்குப் பதில் கடிதம் எழுதினார். வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியவர்களைப் பற்றி உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லுங்கள். அந்த வாரம் வகுப்பில் வாய் திறக்க உங்கள் பிள்ளைக்கு ஒரு விஷயம் கிடைக்கும். நம் பிள்ளைகள் நிறைய பேர் நன்றாக எழுதுவார்கள், கலந்துரையாடலில் மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு. கூச்சம் அதிகமென்றால் முந்தின நாளே கேள்வியை எழுதி என்னிடம் கொடுக்கலாம், நான் அதிலிருந்து பேச்சைத் தொடங்குவேன்.

கடைசியாக மின்னஞ்சல். மதிப்பெண், அவகாசம், சந்தேகம் எதுவானாலும் முதல் கடிதம் மாணவரிடமிருந்து வரட்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது முடியும். நான்கு வரி, மரியாதையாக, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதினால் போதும். உடல்நலம், வீட்டில் துக்கம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. அப்போது நீங்களே நேராக எழுதுங்கள், எந்த நேரமானாலும். கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதம் கேட்டு அடுத்த ஆண்டு பலர் வருவார்கள். அதில் வகுப்பில் நான் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத முடியும்.

உங்களிடம் நான் கேட்பது இரவில் முக்கால் மணி நேரம். இருபது, இருபத்தைந்து பக்கம் படிக்க அது போதும். அந்த நேரத்தில் பிள்ளையின் ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் எதையாவது எடுத்துப் படியுங்கள், தமிழானாலும் சரி. விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் பிள்ளையோடு சேர்ந்து ஒருமுறை படித்துவிட்டு, இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளையின் அமெரிக்க இலக்கிய ஆசிரியை