சித்தி ஆசையும் யோகமும்: ஒரு மாணவியின் வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செந்தூலில் நான் வழக்கமாகச் செல்லும் கோயிலின் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஓர் இளம்பெண் வழவழப்பான தாளில் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றை என் கையில் கொடுத்தார். உடலுக்குள் உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி ஆற்றலை இருபத்தொரு நாளில் எழுப்பித் தருவதாகவும், மூன்றாவது கண் திறந்துவிட்டால் பிறர் மனத்தில் ஓடுவதை அறியலாம், வரப்போவதை முன்கூட்டியே காணலாம், தொலைவில் இருப்பவரின் நோயையும் தொடாமலே போக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. கட்டணம் 1,288 ரிங்கிட். இருவராகச் சேர்ந்தால் தள்ளுபடி உண்டு. இது பதஞ்சலி முனிவரின் யோக சூத்திர வழி வந்த பயிற்சி என்று அடியில் ஒரு வரி. இதுபோன்ற அறிவிப்புகள் புலனத்திலும் முகநூலிலும் நாள்தோறும் வருகின்றன. நானும் பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியை ஒதுக்க என்னால் முடியவில்லை.

நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யோகம் பயின்று வருகிறேன். சமஸ்கிருதம் கற்றவள் அல்லள். எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததையும், அவர் படிக்கச் சொன்ன தமிழ் உரைகளையும் வைத்தே எழுதுகிறேன்.

பதஞ்சலியின் நூலில் நான்கு பாதங்கள் உள்ளன. அவற்றில் மூன்றாவதான விபூதி பாதம் சித்திகளை, அதாவது இயல்புக்கு மீறிய ஆற்றல்களைப் பற்றித்தான் பேசுகிறது. அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. யானையின் பலம் வருவது, தொண்டைக் குழியில் மனத்தை நிறுத்தினால் பசியும் தாகமும் அடங்குவது, பிறர் உள்ளத்தை அறிவது, நீரும் சேறும் முள்ளும் உடலைத் தீண்டாதிருப்பது, அணுவாகச் சிறுக்கும் அணிமா முதலிய எட்டு ஆற்றல்களும் கைகூடுவது என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. ஆனால் பட்டியல் முடிவதற்கு முன்பே, நடுவில், பதிப்புக்குப் பதிப்பு எண் ஒன்று முன்பின்னாக 37 அல்லது 38 என்று வரும் சூத்திரத்தில், இவை வெளிமுகமாய் நிற்கும் மனத்துக்குத்தான் சித்திகள், மனம் முழுதும் ஒன்றி ஒடுங்கும் சமாதி நிலைக்கோ இவை இடையூறுகள் என்று முனிவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். துண்டறிக்கை அச்சிட்டவர்கள் அந்தப் பாதத்தைப் படித்திருந்தால் இந்தச் சூத்திரத்தையும் படித்திருக்க வேண்டும். படிக்காமல் அவர் பெயரைப் போட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய தவறு.

அதே பாதத்தின் இறுதிப் பகுதியில் இன்னும் ஆழமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. முன்னேறிய யோகியை வானுலகத்தார் தம்மிடம் வரும்படி அழைப்பார்கள். அப்போது பற்றும் கொள்ளக்கூடாது, ஸ்மயமும் கொள்ளக்கூடாது என்கிறது சூத்திரம். ஸ்மயம் என்ற அந்தச் சொல்லை எங்கள் ஆசிரியர் ஒரு நாள் முழுவதும் விளக்கினார். தன்னையே பார்த்து வியந்து உள்ளுக்குள் புன்னகைக்கும் செருக்குதான் ஸ்மயம். வியாசர் பெயரில் வழங்கும் உரை, 'தேவர்களும் வேண்டி அழைக்கும் நிலைக்கு நான் வந்துவிட்டேன்' என்று நினைப்பதே அது என்று சொல்கிறது. அழைப்பை மறுத்தவனுக்கும் ஸ்மயம் வரலாம் என்பதுதான் இதில் நுட்பம். போகத்தைத் தள்ளிவிட்டு, தள்ளிய பெருமையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான் மனிதன்.

நம் தமிழ் வழக்கிலும் இந்த எச்சரிக்கைக்குக் குறைவில்லை. 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்பதைப் பழமொழியாகவே சொல்கிறோம், கதையைத்தான் மறந்துவிட்டோம். தவம் செய்துகொண்டிருந்த கொங்கணவர் மேல் மரத்திலிருந்த கொக்கு எச்சமிட்டது. அவர் சினந்து பார்த்தார். கொக்கு எரிந்து விழுந்தது. தன் பார்வைக்கு இவ்வளவு வலிமை வந்துவிட்டதே என்ற நினைப்போடு ஊருக்குள் பிச்சைக்குப் போனார். கணவர் திருவள்ளுவருக்கு உணவு படைத்துக்கொண்டிருந்த வாசுகி அம்மையார் பிச்சையிடச் சற்றுத் தாமதமானதும், அதே பார்வையை அவர் மேலும் திருப்பினார். அம்மையார் எரியவில்லை, காட்டில் நடந்ததை அறிந்தவராய் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார். இந்தக் கதையில் என்னை எப்போதும் உறுத்துவது கொக்கு. பாவம், அது தவத்தைக் கெடுக்க வரவில்லை. பறவை இயல்பாகச் செய்வதைச் செய்தது. இத்தனை காலம் தவம் செய்தவருக்கு ஒரு பறவையின் எச்சத்தைப் பொறுக்க முடியவில்லை. ஆனால் அதை எரிக்க முடிந்தது. சித்தி வந்தவனுக்குப் பொறுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று நம்பக்கூடாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

தாயுமானவரும் மதயானையை வசமாக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், தண்ணீர் மேல் நடக்கலாம், வேறோர் உடலில் புகலாம் என்று ஒன்றொன்றாக அடுக்கிவிட்டு, 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது' என்று முடிக்கிறார். முடியாது என்று அவர் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் முடியும் என்று வைத்துக்கொண்ட பிறகும் அவர் அரிது என்றது வேறொன்றை.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளாக இதை வெளியில் சொல்லாமலிருந்தேன். யோகம் தொடங்கிய ஏழாம் ஆண்டில், ஒரு விடியற்காலை அமர்ந்திருந்தபோது, புருவ மத்தியில் நீல ஒளி பரவி, உடல் இருப்பதே தெரியாமல் போனது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்த பிறகு மூன்று நாட்களுக்கு மனத்தில் ஓர் இனிமை இருந்தது. நான் அதை என்னோடு வைத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் சொன்னேன். ஒரு சக தாதி தலைவலி என்று சொல்லி என் கையைத் தன் நெற்றியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். வலி குறைந்துவிட்டது என்றாள். சற்று முன்புதான் அவள் இரண்டு பெனடால் மாத்திரை விழுங்கியிருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை. அடுத்த வாரத்துக்குள் மேலும் இருவர் வந்தார்கள். அவர்களுக்கும் கை வைத்தேன்.

எங்கள் ஆசிரியர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயில் மண்டபத்தில் கட்டணம் இல்லாமல் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் ஒளி கண்டதை விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதற்குப் பிறகு உங்கள் மாமியார் மேலிருந்த கோபம் குறைந்திருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். ஒரே அடுப்படியில் நானும் அத்தையும் மாதக்கணக்காகப் பேசாமல் புழங்கியதை அவர் அறிவார். "இல்லை, ஐயா" என்றேன். "அப்படியானால் ஒளி வந்தது, போனது. அதை அதன்போக்கில் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மற்ற மாணவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான் கண்டது பொய் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயர் சூட்டவும் இல்லை. நீ இந்த நிலையை அடைந்துவிட்டாய் என்று படி எண் கொடுக்கவும் இல்லை. அன்று அவர் ஒரு பாராட்டுச் சொல் சொல்லியிருந்தால் நான் இன்று யாருக்கெல்லாம் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இப்போது அந்த ஒரு பாராட்டுச் சொல்தான் பல இடங்களில் விற்பனைப் பொருளாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு, பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். வார இறுதிப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்த அவருடைய மகன், அங்கே கற்றுக்கொண்ட வேகமான மூச்சை வீட்டிலும் நெடுநேரம் செய்திருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது, அவனுடைய விரல்கள் ஒன்றாகக் குவிந்து உள்நோக்கி மடங்கி இறுகியிருந்தன. உதடு மரத்துவிட்டது, தலை மிதக்கிறது, கண்ணுக்குள் வெளிச்சம் தெரிகிறது என்று திக்கித் திக்கிச் சொன்னான். சக்தி இறங்கியிருக்கிறது என்று எண்ணி, பாட்டி அவன் முன்னால் சூடம் ஏற்றி வைத்திருந்தார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொல்லி, நானும் கூடவே மூச்சுவிட்டுக் காட்டினேன். கால் மணி நேரத்துக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மறுநாள் மருத்துவரிடமும் அழைத்துப் போகச் செய்தேன்.

தாதிப் பயிற்சியிலேயே இதைப் படித்திருக்கிறோம். தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். இரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் கட்டுப்படாமல் உலவும் சுண்ணாம்புச் சத்து குறையும். அதனால் விரல்கள் இறுகி, உதட்டைச் சுற்றிக் கூச்சம் எடுக்கும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை மிதக்கும், ஒளியும் தெரியலாம். வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளான கபாலபாதியையும் பஸ்திரிகையையும் ஆசிரியர் பக்கத்தில் இருந்து அளவோடு கற்றுத்தருவதற்குக் காரணம் இருக்கிறது. என்னை வருத்தியது என்னவென்றால், இதை அந்தப் பிள்ளைக்கு விளக்கியபோது அவன் நிம்மதி அடையவில்லை, முகம் வாடிப்போனான். இப்படியெல்லாம் நேர்வது அவன் மற்றவர்களைவிட மேலான பிறவி என்பதற்கு அடையாளம் என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நிலைக்கான கட்டணத்துக்கு அவன் தன் மோட்டார் சைக்கிளை விற்கப் பேசிக்கொண்டிருந்தான்.

தியானத்தில் வரும் அனுபவம் எல்லாமே மூச்சுக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. என் நீல ஒளி என்னவென்று இன்றுவரை எனக்கே தெரியாது. பத்துமலையில் காவடி எடுப்பவருக்கு அருள் வருவதையும் நான் குறையாக நினைத்ததில்லை. அவர் விரதம் இருக்கிறார், 272 படி ஏறிக் காணிக்கையைச் செலுத்துகிறார், மறுநாளோ அதற்கு மறுநாளோ வேலைக்குத் திரும்புகிறார். தனக்கு அருள் வந்தது என்று சொல்லி அவர் யாரிடமும் பணம் கேட்பதில்லை.

இந்த மண்ணோடு தொடர்புள்ள பெரியவர் ஒருவரையும் நினைவூட்ட விரும்புகிறேன். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் துறவியாவதற்கு முன்பு, 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராக இருந்தார். சிரம்பான் பக்கத்தில் தோட்ட மருத்துவமனையில் நம் பாட்டன் பாட்டியரைப் போன்ற தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தவர். துறவு பூண்ட பிறகும் அவர் மருந்துப் பெட்டியைக் கைவிடவில்லை. இமயத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் இலவச மருத்துவம் பார்த்தார். சித்தியை நாடிப் போகாதீர்கள் என்று தம் நூல்களில் மாணவர்களைத் திரும்பத் திரும்ப எச்சரித்தவரும் அவர்தான். தொடாமலே நோயைப் போக்குவதாக அச்சடிக்கிறவர்கள், புண்ணைத் தொட்டுக் கழுவிக் கட்டிய அந்தத் துறவியை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோயில் நிர்வாகத்தினரை நான் கேட்டுக்கொள்வது, வாசலில் வினியோகிக்கப்படும் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகு அனுமதி கொடுங்கள் என்பதுதான். யோகம் கற்பிப்போர், ஆசனத்துக்கும் மூச்சுக்கும் முன்னால் இயம நியமம் என்னும் ஒழுக்க நெறிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். திருமூலர் இயமத்தில் பத்தை வைக்கிறார். கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை ஆகியவற்றோடு அடக்கம் உடையவனாக இருப்பதும் பகிர்ந்து உண்பதும் அந்தப் பத்துக்குள்ளேயே வருகின்றன. அடக்கம் அங்கே பயிற்சியின் முடிவில் கிடைக்கும் பரிசாக இல்லை, வாசற்படியாக இருக்கிறது. தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஆற்றல் தருவதாகச் சொல்லும் விளம்பரம் வரும்போது, பயிற்றுவிப்பவர் யாரிடம், எத்தனை ஆண்டுகள் பயின்றார், உடல்நலக் கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டு, பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள்.

துண்டறிக்கையைக் கொடுத்த அந்த இளம்பெண்ணிடம், "நீ இந்தப் பயிற்சியைச் செய்துவிட்டாயா, அம்மா?" என்று நான் கேட்டேன். "இன்னும் இல்லை, ஆன்டி. கட்டணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தாளைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்" என்றாள். வீட்டில் என்ன தொல்லையோ, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாளோ, நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டால், சனிக்கிழமை காலையில் அதே கோயிலின் பின்மண்டபத்துக்கு வரட்டும். கட்டணம் கிடையாது, பாயும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
செந்தூல், கோலாலம்பூர்.