ஞாயிறு அன்று என் வீட்டு ஹாம் நிலையம் பார்க்க வாருங்கள்

வணக்கம் நண்பர்களே. உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசும் ஹாம் ரேடியோவுக்கான தேர்வுக்குப் படிக்கும் புதியவர்கள் வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் குளச்சலில் என் வீட்டுக்கு வரலாம்.

மேசையில் 100 வாட் டிரான்சீவர் (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ), 13.8 வோல்ட் பவர் சப்ளை, ஒரு பேட்டரி. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது கரண்ட் இல்லாமல் நாம் பட்ட பாடு தெரியுமே, பேட்டரி அதற்காகத்தான்.

ஆனால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மாடியில். 40 மீட்டர் பேண்டு என்னும் அலைவரிசைக்கான டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த இரு கம்பி) ஆண்டெனா இரண்டு தென்னைகளுக்கு நடுவே நிற்கிறது. பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர் செம்புக் கம்பி, அவ்வளவுதான். விலை உயர்ந்த ரேடியோவைவிட நல்ல ஆண்டெனாவுக்கே முதலில் செலவு செய்யுங்கள் என்பேன். நம் கரையில் உப்புக் காற்று பொல்லாதது. கனெக்டருக்குள் ஈரம் புகுந்தால் செம்பு பச்சை பிடித்து, சிக்னல் கேபிளிலேயே வீணாகும். ரப்பர் டேப் சுற்றி அதை அடைப்பது எப்படி என்று செய்து காட்டுகிறேன். ஐப்பசி இடி வருமுன் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைக்கும் பழக்கமும் வேண்டும், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

அப்புறம், உரிமம் இல்லாதவர்கள் கேட்டுப் பழகலாம். மைக்கில் நான்தான் பேசுவேன். வருபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே பெயர் போடுங்கள்.